கை கூசினால் யாரிடம் சொல்வது?

கேள்வி

மதிப்புக்குரிய மேடம்,

நான் ஓர் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். எம்.ஆர்.பி. தேர்வு மூலம் வேலைக்கு வந்து, தொகுப்பூதியத்தில் பல வருடம் ஓட்டி, சமீபத்தில்தான் நிரந்தரமானேன். போன வருடக் கடைசியில் மகப்பேறு வார்டில் போட்டார்கள். பிரசவம் பார்ப்பதில் எனக்கு எந்தச் சலிப்பும் இல்லை. ஆனால் அதே வார்டில் எம்.டி.பி. என்கிற கருக்கலைப்பும் நடக்கிறது. ஞாயிறு பூசை தவறாத வீட்டில் பிறந்தவள் நான். கருவில் இருப்பதும் உயிர்தான் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். அந்த மாத்திரையை எடுத்துக் கொடுக்கும்போது கை கூசுகிறது.

ஸ்கேனில் குழந்தைக்கு மண்டையோடே உருவாகவில்லை என்று தெரிந்து வருகிறவர்கள், இருக்கிற பிள்ளைகளே போதும் என்று வருகிறவர்கள், இவர்கள் விஷயத்தில் எப்படியோ மனதைத் தேற்றிக்கொள்கிறேன். கல்யாணம் ஆகாத பெண்கள் வரும்போதுதான் முடியவில்லை. ஒரு நைட் டியூட்டியில் கல்லூரிப் பெண் ஒருத்தி வலியில் அழுதுகொண்டிருந்தாள். ஆறுதலாக இருக்கட்டுமே என்றுதான், “கடவுள்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கோம்மா” என்றேன். அவள் அதற்குப் பிறகு என்னிடம் பேசவே இல்லை. ரிவியூவுக்கும் வரவில்லை. விஷயம் தெரிந்து இன்சார்ஜ் சிஸ்டர் என்னைத் திட்டிவிட்டார்.

இந்த வேலையை மறுக்க எனக்கு உரிமை உண்டா? மறுத்தால் மெமோ வருமா? யூனிஃபார்ம் போட்டுவிட்டால் நம்பிக்கையை வீட்டிலேயே விட்டுவிட்டு வரவேண்டும் என்கிறார்கள். அது என்னால் முடியுமென்று தோன்றவில்லை.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில் (அளிப்பவர்: ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர்)

அன்புள்ள சிஸ்டர்,

உரிமை உண்டா என்று கேட்டீர்கள். நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. 1971-ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் யார் செய்யலாம், எங்கே செய்யலாம், எத்தனை வாரம் வரை செய்யலாம் என்றெல்லாம் சொல்கிறது. மனசாட்சியின் பேரில் ஒருவர் விலகிக்கொள்ளலாம் என்று ஒரு வரி கூட அதில் கிடையாது. 2021-ல் திருத்தியபோதும் அப்படி எதையும் சேர்க்கவில்லை. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளோ இன்னும் ஒரு படி மேலே போய், மருத்துவக் காரணம் இருக்கும்போது மதத்தை மட்டும் காரணம் காட்டிக் கருக்கலைப்புக்கு உதவ மறுக்கக்கூடாது என்றே சொல்லின. மருத்துவருக்கே அந்த நிலை என்றால் நம் நிலையை நீங்களே ஊகிக்கலாம். ஆகவே கட்டிலருகே நின்று “நான் செய்ய மாட்டேன்” என்றால் மெமோ வரலாம். வந்தால் அதைத் தவறென்று வாதாடுவது கடினம்.

வெளிநாட்டில் இருக்கிறதே என்று உங்கள் நண்பர்கள் யாராவது சொல்லியிருப்பார்கள். இருக்கிறதுதான். பிரிட்டனின் 1967-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையை எழுத்திலேயே தருகிறது. தாயின் உயிரைக் காப்பாற்றவோ, அவர் உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ நிரந்தரமான கடும் கேடு நேராமல் தடுக்கவோ வேண்டிய நேரத்தில் மட்டும் அது செல்லாது. ஆனால் அது எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு கிளாஸ்கோ வழக்கைப் பார்க்க வேண்டும். உங்களைப் போலவே கத்தோலிக்க நம்பிக்கை உள்ள இரண்டு மூத்த பேறுகாலச் செவிலியர்கள், லேபர் வார்டைப் பொறுப்பேற்று நடத்துகிறவர்கள். கருக்கலைப்பு நோயாளிக்கு ஆள் ஒதுக்குவது, மற்ற நர்ஸ்களை மேற்பார்வை பார்ப்பது ஆகியவற்றிலிருந்தும் விலக்கு வேண்டும் என்று கேட்டார்கள். 2014 டிசம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. கை வைத்துச் செய்கிற வேலைக்குத்தான் விலக்கு, வார்டை நடத்தும் வேலைக்கு இல்லை என்பது தீர்ப்பின் சாரம். ஸ்வீடனில் அந்த விலக்கும் கிடையாது. அங்கிருந்து இரண்டு பேறுகாலச் செவிலியர்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 2020-ல் அவர்களுடைய மனு விசாரணைக்கே ஏற்கப்படவில்லை.

சட்டம் இவ்வளவுதான். ஆனால் சட்டத்தில் இல்லாததெல்லாம் வார்டில் நடக்காது என்பதில்லை. எந்த வார்டிலும் பாதி வேலை டியூட்டி சார்ட் போடும்போது பேசி முடிக்கிற வேலை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், உங்கள் கடிதத்தில் நீங்களே அறியாமல் எழுதிவிட்ட ஒன்றைப் பேச வேண்டும்.

குறைபாடுள்ள கரு என்றால் மனதைத் தேற்றிக்கொள்கிறீர்கள். பிள்ளைகள் போதும் என்று வருகிற மனைவிமார்கள் விஷயத்திலும் தேற்றிக்கொள்கிறீர்கள். கல்யாணமாகாதவள் என்றால்தான் முடியவில்லை. சிஸ்டர், கருவில் இருப்பது உயிர் என்பது உங்கள் நம்பிக்கையானால், அந்த உயிர் மூன்று பேர் வயிற்றிலும் ஒன்றுதானே? தாலி இருந்தால் கை கூசவில்லை, இல்லாவிட்டால் கூசுகிறது என்றால், கூசுவது நம்பிக்கை அல்ல. அது அந்தப் பெண்ணின் நடத்தைக்கு நீங்கள் போடுகிற மார்க். மதம் உங்களுக்குக் கற்றுக்கொடுத்ததையும் தெரு கற்றுக்கொடுத்ததையும் ஒரே பையில் போட்டு வைத்திருக்கிறீர்கள். இரண்டையும் கொட்டிப் பிரித்துப் பாருங்கள். முதலாவதற்கு நான் மரியாதை கொடுப்பேன், உங்களுக்காக மேலிடத்தில் பேசவும் செய்வேன். இரண்டாவதற்கு எந்த வார்டிலும் இடமில்லை.

இந்தப் பிரிவினை நம் தொழில் முழுக்கப் பொருந்தும். ஒரு செயலில் உடன்பாடில்லை என்பது வேறு. ஓர் ஆளைத் தொட மனமில்லை என்பது வேறு. எச்.ஐ.வி. உள்ளவருக்கு ஊசி போட மாட்டேன், திருநங்கைக்கு கத்தீட்டர் போட மாட்டேன், சாணிப்பவுடர் குடித்து வந்தவளிடம் முகம் கொடுக்க மாட்டேன் என்று சொல்கிறவர்களும் “எனக்கென்று ஒரு கொள்கை இருக்கிறது” என்றுதான் ஆரம்பிப்பார்கள். சாதி பார்க்கிறவரும் அதை நம்பிக்கை என்றே சொல்லிக்கொள்வார். எச்.ஐ.வி. உள்ளவரிடம் பாகுபாடு காட்டுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. திருநர்களுக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சட்டம் வந்த பிறகுதான் தொட வேண்டும் என்றில்லை, அது வேறு விஷயம்.

கல்யாணமாகாத பெண்கள் பற்றிச் சட்டமும் தெளிவாகிவிட்டது. பழைய சட்டத்தில் கருத்தடை தவறிப்போன காரணத்தைச் சொல்லுமிடத்தில் மணமான பெண், அவள் கணவர் என்றே இருந்தது. 2021 திருத்தத்தில் எந்தப் பெண்ணும், அவளுடைய துணைவரும் என்று மாற்றினார்கள். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், 20 முதல் 24 வாரம் வரையிலான கருக்கலைப்பிலும் மணமானவர், ஆகாதவர் என்று பேதம் பார்க்கக்கூடாது என்றது. பதினெட்டு வயது நிரம்பியவளுக்கு அவளுடைய சம்மதம் ஒன்றே போதும். “புருஷன் எங்கே, அம்மா எங்கே, யாராவது வந்து கையெழுத்துப் போடட்டும்” என்று நம் வார்டுகளில் கேட்கிறார்களே, சட்டம் அப்படிக் கேட்கவில்லை. பெண் அங்கிருந்து எழுந்து போய் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி விழுங்கி, நான்கு நாள் கழித்து ரத்தம் கொட்டக் கொட்ட அதே வார்டுக்கு வருவதற்கு வழி செய்வது அந்தக் கேள்விதான். இந்தச் சட்டம் ஏன் வந்தது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கைராசிக்காரிகளிடமும் அரைகுறை வைத்தியர்களிடமும் போய்ப் பெண்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அதை ஆராய 1964-ல் சாந்திலால் ஷா தலைமையில் குழு போட்டார்கள். அதன் பரிந்துரையிலிருந்து பிறந்ததுதான் 1972 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த சட்டம்.

இனி நீங்கள் அந்தப் பெண்ணிடம் சொன்ன வார்த்தை. இன்சார்ஜ் சிஸ்டர் திட்டியது சரி. உங்கள் நோக்கம் நல்லதுதான், நம்புகிறேன். ஆனால் படுத்திருக்கிறவளுக்கு நோக்கம் தெரியாது, காதில் விழுந்ததுதான் தெரியும். ஊசியும் மாத்திரையும் உங்கள் கையில் இருக்கும்போது நீங்கள் சொல்வது தோழி சொல்வது போல இருக்காது. அவள் எதிர்த்துப் பேச முடியாது, எழுந்து போகவும் முடியாது.

சவிதா ஹலப்பனவரின் கதை உங்களுக்கு நினைவிருக்கலாம். கர்நாடகத்தின் பெலகாவியிலிருந்து அயர்லாந்து போன பல் மருத்துவர், வயது 31. 2012 அக்டோபரில் 17 வாரக் கரு கலையத் தொடங்கிய நிலையில் கால்வே நகர மருத்துவமனையில் சேர்ந்தார். காப்பாற்ற முடியாத கரு என்று தெரிந்த பிறகு, கலைத்துவிடுங்கள் என்று கேட்டார். கருவின் இதயத் துடிப்பு இருக்கிறது என்று சொல்லி மறுத்தார்கள். தொற்று ரத்தத்தில் கலந்து, அக்டோபர் 28-ஆம் தேதி இறந்தார். மறுத்தது மருத்துவர்கள், அன்றைய அயர்லாந்துச் சட்டம் அப்படி இருந்தது. ஆனால் அடுத்த ஆண்டு நடந்த மரண விசாரணையில் மூத்த பேறுகாலச் செவிலியர் ஒருவர் சாட்சி சொன்னார். சவிதாவிடம் பேசும்போது இது கத்தோலிக்க நாடு என்று தான் சொன்னது உண்மை, புண்படுத்தச் சொல்லவில்லை, வருந்துகிறேன் என்பது அவர் வாக்குமூலம். அதையும் நான் நம்புகிறேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், நிலவரத்தை விளக்குகிற தொனியில் வந்த பேச்சாகவே இருக்கும். ஆனால் உலகம் முழுக்கப் பரவியது அந்தச் சொல்தான்.

அதே விசாரணையில் அதிகம் பேசப்படாத இன்னொன்று வெளிவந்தது. நம்மைப் போன்றவர்கள் படிக்க வேண்டியது அதைத்தான். பனிக்குடம் உடைந்தவருக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்திருக்க வேண்டிய காய்ச்சல், நாடி, பிரஷர் ஆகியவற்றை ஒழுங்காகப் பார்க்கவில்லை. கருவின் துடிப்பு நிற்கிறதா என்பதிலேயே எல்லோர் கவனமும் இருந்ததால் தாய்க்குத் தொற்று ஏறுவது தாமதமாகத்தான் கண்ணில் பட்டது. நம்பிக்கையும் தொழிலும் மோதுகிற இடம் நாம் நினைப்பது போலப் பெரிய மேடையில் இல்லை, டெம்பரேச்சர் சார்ட்டில் இருக்கிறது. மனம் ஒப்பாத கேஸ் என்று நீங்கள் அந்தப் பெட் பக்கம் ஒரு நடை குறைவாகப் போனால், அந்த ஒரு நடையில் தவறிப்போவது அவள் உயிராக இருக்கலாம்.

ஆகவே நீங்கள் எதிலிருந்து விலகிக்கொள்ளக் கேட்கலாம், எதிலிருந்து கேட்கக்கூடாது என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மாத்திரையைக் கையால் கொடுப்பது, தியேட்டரில் எம்.வி.ஏ. (கையால் உறிஞ்சி எடுக்கும் முறை) செய்யும்போது பக்கத்தில் நின்று உதவுவது, இவற்றிலிருந்து கேட்கலாம். மாத்திரை வேலை செய்யத் தொடங்கிய பிறகு பேடு எத்தனை நனைந்தது என்று பார்ப்பது, நாடி பார்ப்பது, வலிக்கு ஊசி போடுவது, முழுதும் வெளியேறியதா என்று கவனித்து டாக்டருக்குச் சொல்வது, ரத்தம் நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி போட்டாயிற்றா என்று உறுதி செய்வது, இவற்றில் விலக்கே கிடையாது. இவை கருக்கலைப்பு அல்ல, தாயைப் பார்த்துக்கொள்வது. ஆன்டி-டி ஊசியை விட்டுவிட்டால் பாதிப்பு அவள் நாளைக்குப் பெறப்போகிற குழந்தைக்கு; உங்கள் நம்பிக்கைப்படி பார்த்தாலும் அது பெரிய தவறு. உயிருக்கு ஆபத்தென்றால் எந்த வேலையிலும் விலக்கு கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்கு வார்டில் நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள் என்றாலும் கிடையாது.

கேட்கும் விதமும் முக்கியம். முதலில் இன்சார்ஜ் சிஸ்டரிடம் தனியாகப் பேசுங்கள். திட்டியவர்தானே என்று தயங்க வேண்டாம். நோயாளிக்காகத் திட்டுகிறவர் நியாயம் கேட்கிற ஆளாகவும் இருப்பார். பிறகு கண்காணிப்பாளர், துறைத்தலைவர், தேவைப்பட்டால் ஆர்.எம்.ஓ. என்று எழுத்தில் கொடுங்கள். சட்டம், அரசியல் சாசனம் என்று இழுக்காமல், இன்ன வேலை மனசாட்சிக்கு ஒப்பவில்லை, இன்ன வேலைகளைத் தொடர்ந்து செய்வேன், அவசரத்தில் எதையும் மறுக்க மாட்டேன், மாற்று ஆள் இருக்கும்போது மட்டும் விலக்கு தாருங்கள் என்று நாலு வரி போதும். யாரிடம் மாற்றிக்கொள்கிறீர்களோ அவருடைய கஷ்டமான டியூட்டி ஒன்றை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. நீங்கள் விலகினால் அந்த வேலை யார் தலையில் விழும் என்று பாருங்கள். பெரும்பாலும் தொகுப்பூதியத்தில் இருக்கிற, வேண்டாம் என்று சொல்லத் துணியாத சின்னப் பெண்ணின் தலையில்தான். அவளுக்கும் ஒரு மனசாட்சி இருக்கும். பல வருடம் அந்த நிலையில் இருந்தவர் நீங்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவளாக ஒப்புக்கொண்டால் தவிர அப்படி ஒரு ஏற்பாடு வேண்டாம். ஆள் பற்றாக்குறை, முடியாது என்றே மேலிடம் சொன்னால் வேறு துறைக்கு மாற்றல் கேளுங்கள். பிறந்த குழந்தைகளுக்கான எஸ்.என்.சி.யு.வில் நல்ல கைகளுக்கு எப்போதும் தேவை இருக்கிறது. அதுவும் கிடைக்காவிட்டால், வந்திருக்கிற பெண்ணைக் காக்க வைக்காமல் வேலையைச் செய்துதான் ஆக வேண்டும். இதைவிட மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. உங்கள் மனசாட்சிக்கான விலையை நீங்கள் கொடுக்கலாம். மாற்றலாகப் போகலாம், பண்டிகை லீவை விட்டுக்கொடுக்கலாம். வார்டில் படுத்திருக்கிறவளைக் கொடுக்க வைக்கக்கூடாது.

நம்பிக்கையை வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்கிறார்களே என்றீர்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இந்தத் தமிழ்நாட்டிலேயே மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடரை எடுத்துக்கொள்ளுங்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள், பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவிகளைப் பார்க்க அவரை அழைத்தார்கள். அவர் அப்போது மருத்துவம் படித்தவர் அல்ல. மருத்துவரான அவருடைய அப்பாவை அழைத்துப்போகவோ, ஆண் என்ற காரணத்தால் அவர்கள் வழக்கம் இடம் தரவில்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா அமெரிக்கா போய்ப் படித்துத் திரும்பிவந்து வேலூரில் மருத்துவமனை கட்டினார், 1909-ல் செவிலியர் பயிற்சி தொடங்கினார். அந்த இரவில் ஒரு நம்பிக்கை மூன்று பேர் உயிரை எடுத்தது. இன்னொரு நம்பிக்கை ஒருத்தியை ஆயுள் முழுக்க நோயாளிகளிடம் கொண்டுவந்து சேர்த்தது.

உங்கள் மனசாட்சி வாய் திறக்க வேண்டிய இடங்களும் அதே வார்டில் இருக்கின்றன. ஒருத்தி உள்ளே வரும்போதே மாமியார் கையைப் பிடித்து இழுத்து வருகிறாள், கேட்டதற்கெல்லாம் மாமியாரே பதில் சொல்கிறாள் என்றால், அந்தப் பெண்ணைத் தனியே அழைத்து “உனக்குச் சம்மதமா?” என்று கேளுங்கள். இல்லை என்றால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகும், தொடங்குமுன் அவள் மனம் மாறலாம். இரண்டு பெண் குழந்தைகளோடு, எங்கோ ஸ்கேன் எடுத்துவிட்டு வந்திருக்கிற பேச்சில் பெண் சிசு என்ற வாடை அடித்தால், 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, வாய்மூடி இருக்காதீர்கள். தொட்டில் குழந்தைத் திட்டம் போடவேண்டி வந்த மாநிலம் இது.

வாய் மூட வேண்டிய இடம், டியூட்டி மாறும்போது ஓவர் கொடுக்கும் நேரம். “நாலாம் பெட் எம்.டி.பி., அன்மேரீடு” என்று வார்டு நடுவே நின்று சொல்கிறார்கள். பக்கத்துப் பெட்டின் அட்டெண்டர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார். 2003-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி சேர்க்கைப் பதிவேடு ஒன்றைத் தவிர, கேஸ் ஷீட்டிலோ தியேட்டர் ரிஜிஸ்டரிலோ அவள் பெயரே வரக்கூடாது. வரிசை எண் மட்டும்தான். அந்தப் பதிவேடும் ரகசிய ஆவணம். விவரத்தை வெளியிடுகிற மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை என்று 2021 திருத்தம் சொல்கிறது. நமக்கு அந்தப் பிரிவு நேரடியாக இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். ரகசியம் காப்பது இந்திய செவிலியர் குழும நெறிமுறையிலேயே இருக்கிறது.

கடைசியாக ஒன்று. என்றாவது ஒருத்தி உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, “சிஸ்டர், நான் செய்யிறது பாவமா?” என்று கேட்பாள். கேட்பார்கள், நிறையப் பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஆமாம் என்றும் சொல்லாதீர்கள், மனசுக்கு விரோதமாக இல்லை என்றும் சொல்லாதீர்கள். “அதைச் சொல்ற இடத்துல நான் இல்லம்மா. உன்னைப் பார்த்துக்கத்தான் இருக்கேன். யார்கிட்டயாவது பேசணும்னு இருக்கா? கவுன்சிலரை வரச் சொல்லட்டுமா?” என்று கேளுங்கள். இதில் பொய் இல்லை, தீர்ப்பும் இல்லை. அவளாகவே ஜெபம் பண்ணச் சொன்னால் பண்ணுங்கள். சொல்லாவிட்டால் உங்கள் மனதுக்குள் பண்ணிக்கொள்ளுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அடுத்த மாத டியூட்டி சார்ட் போடுவதற்கு முன் இன்சார்ஜ் சிஸ்டரைப் பார்த்துவிடுங்கள். கடிதத்தில் தேதி போட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கி, ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். ரிவியூவுக்கு வராத அந்தப் பெண்ணின் விஷயத்தையும் டாக்டரிடம் சொல்லி, ரகசியம் வெளியே போகாத வகையில் அவளை வரச்சொல்ல வழி இருக்கிறதா என்று கேளுங்கள்.